தாழ்ப்பாள் இல்லாத வீடு

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

பொடிசு எழுதுகிறேன். இங்கே நான் நலம். உன் இடுப்புவலி எப்படி இருக்கிறது? ஈரப் போர்வைகளை இயந்திரத்திலிருந்து இழுத்து இழுத்து நிமிரவே முடியவில்லை என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை பார்த்துக்கொண்டு, மாடியேறிப் போய் ஒரு டாக்டரிடம் காட்டாமல் இருப்பவள் நீ ஒருத்தியாகத்தான் இருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்கு மறதி முற்றிவிட்டது. ஆரம்பத்தில் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடினார், நானும் சிரித்தேன். இப்போது சிரிக்க முடியவில்லை. போன வாரம் நான் கடையில் ஒருவருக்குச் சாவி வெட்டிக்கொண்டிருந்தபோது, கருவிப் பையை எடுத்துக்கொண்டு எப்போது வெளியே போனார் என்றே தெரியவில்லை. பக்கத்துத் தெருவில் தையல்காரர் வீடு பூட்டிக் கிடந்திருக்கிறது. அந்தப் பூட்டைத் திறந்து உள்ளே போய்விட்டார். தையல்காரர் மனைவி வந்து பார்த்துக் கூச்சல் போட, தெருவே கூடிவிட்டது. நல்லவேளை, எல்லாருக்கும் அவரைத் தெரியும். அதோடு ஒரு பொருளையும் தொடவில்லை. சாமான் அறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாராம்.

போன நினைவு திரும்பாது, இனிமேல் தனியாக வெளியே விடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எப்படி விடாமல் இருப்பது? ஊருக்கெல்லாம் பூட்டு மாட்டுகிறவர் வீட்டில் குளியலறைக்குக்கூடத் தாழ்ப்பாள் கிடையாது. பாடிக்கொண்டே குளிக்க வேண்டிய குடும்பம் உலகத்திலேயே நம்முடையதாகத்தான் இருக்கும். பாட்டு நின்றால் போதும், "சத்தத்தக் காணோமே" என்று அப்பா கதவைத் தட்டிவிடுவார். கண்ணில் சோப்போடு எத்தனை நாள் பாடியிருக்கிறேன். ஏன் இப்படி என்று கேட்டால், "நாள் பூரா பூட்டையே பாத்துட்டு வர்றேன், வீட்டுலயுமா" என்பார். நானும் சரி என்று விட்டுவிடுவேன்.

வாசல் கதவுக்கு ஒரு பூட்டு போடலாம் என்று இருக்கிறேன். அவருக்குப் பிடிக்காத காரியம், அதனால் மனசு உறுத்துகிறது. உன்னைக் கேட்டுக்கொண்டு செய்கிறேன். மருந்துக்கடை போனில் இதையெல்லாம் பேச முடியாது. மாத்திரை வாங்க வருகிறவர்களுக்கு நம் வீட்டுக் கதை கேட்டாலே பாதி நோய் தீர்ந்துவிடுகிறது.

வேளைக்குச் சாப்பிடு. பதில் போடு.

உன் தங்கை,
பொடிசு


பிப்ரவரி 22

அன்புள்ள பொடிசுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன். இடுப்பும் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. உனக்கு அந்த இருமல் போய்விட்டதா?

பூட்டு போடு. வாசலுக்கும் போடு, அறைக்கும் போடு. என்னைக் கேட்க வேண்டியதில்லை. மனசு உறுத்தவும் வேண்டியதில்லை.

உனக்குப் பூட்டுவது புதிதா என்ன? மூன்று வயதில் நீ பெரிய கெட்டிக்காரி. கடை மேசைமேல் உன்னை நிற்க வைத்துக் கையில் சாவியைக் கொடுத்தால், நாக்கைக் கடித்துக்கொண்டு திருப்பி டக்கென்று பூட்டிவிடுவாய். வந்தவர்கள் கைதட்டுவார்கள். திறக்க மட்டும் உனக்கு வராது. பூட்டியவுடன் சாவியை உருவிக்கொண்டு ஓட்டம் பிடிப்பாய். துரத்திப் பிடித்துக் கையைப் பிரித்து வாங்குவதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

படிப்பை விட்டுவிடாதே. ஒரு வருஷம்தானே, போனால் போகட்டும் என்று இருந்தால் அது அப்படியே போய்விடும். ஒரு போர்வை அனுப்பியிருக்கிறேன். பயப்படாதே, ஆஸ்பத்திரிப் போர்வை இல்லை, கடையில் வாங்கியது.

உன் உடம்பைக் கவனித்துக்கொள்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். இருமல் போய்விட்டது. போர்வை வந்தது, அப்பா அதைப் போர்த்திக்கொண்டு தர மறுக்கிறார்.

பூட்டு போட்ட கதையைக் கேள். நம் கடையிலேயே நல்லதாகப் பார்த்து ஒன்றை எடுத்து வாசல் கதவில் பதித்தேன். டீ போட அடுப்படிக்குப் போய்விட்டு வந்தால் கதவு திறந்து கிடக்கிறது, ஆளைக் காணோம். நான் தலையிலிருந்து கழற்றி வைத்த ஹேர்பின் ஒன்று அவருக்குப் போதுமாயிருந்திருக்கிறது. அடுத்து இரண்டு சாவி போட்டுத் திறக்கிற ரகத்தைப் பதித்தேன். அதையும் திறந்தார். திறந்துவிட்டு, "மட்டமான சரக்கும்மா, வாங்காத" என்று என்னிடமே சொன்னார். அன்றைக்கு நான் அவருக்கு மகள் இல்லை, பூட்டு வாங்க வந்த யாரோ ஒரு பெண். தலை மறந்ததை விரல் மறக்கவில்லை. இந்த ஊரில் யாரை வேண்டுமானாலும் பூட்டி வைக்கலாம், அவரை முடியாது.

அடுத்ததாக அவர் போய் நின்றது மருந்துக்கடையின் பின்கட்டு அறை வாசலில். நான் போய்ச் சேர்ந்தபோது கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றார். விரலால் மெதுவாகத் தட்டினார். "மூச்சு விடுப்பா. பதறாத. மெதுவா மூச்சு விடு, அப்பா வந்துட்டேன்" என்றார். மருந்துக்கடைக்காரர் திறந்து காட்டினார். உள்ளே அட்டைப் பெட்டிகளைத் தவிர ஒன்றும் இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் என்னோடு வந்தார். வழியெல்லாம் அழுதார். அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை, அக்கா. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

இன்னொன்று. சாப்பிட உட்காரும்போதெல்லாம் "நடுசு சாப்பிட்டானா?" என்கிறார். நீ பெருசு, நான் பொடிசு. அவர் வைத்த பட்டப்பெயர் அவ்வளவுதானே. நடுசு யார்?

கடை நன்றாகவே நடக்கிறது. அப்பா சொல்லிக்கொடுத்தபடியே, கொஞ்சம் வெட்டியதும் இயந்திரத்தை நிறுத்தி, சத்தம் அடங்கும்வரை சும்மா இருந்துவிட்டு, மறுபடி ஓட்டுகிறேன். வேறு ஊரில் சாவிக்கடை வைத்திருக்கும் ஒருவர் நேற்று வந்திருந்தார். எதற்கம்மா நிறுத்தி நிறுத்தி வெட்டுகிறாய் என்றார். கட்டர் சூடாகும் என்றேன். நாள் முழுக்க ஓடினாலும் இந்தக் கட்டருக்கு ஒன்றும் ஆகாது என்று சிரித்துவிட்டுப் போனார். எனக்கு ரோஷமாக இருந்தது.

அவசியம் பதில் எழுது.

பொடிசு


மார்ச் 30

அன்புள்ள பொடிசுக்கு,

நீ நலம் என்று நம்புகிறேன். இங்கே இரண்டு பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள், அவர்கள் பங்குப் போர்வையும் என் தலையில். அதனால்தான் தாமதம்.

மறதி வந்தவர்கள் என்னென்னவோ சொல்வார்கள். இங்கே வார்டில் ஒருவர் சுவரில் தொங்கும் நாள்காட்டியைத் தன் மருமகன் என்று நினைத்துத் தினமும் திட்டுகிறார். ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் தேடிக்கொண்டிருந்தால் உனக்கும் பைத்தியம் பிடிக்கும். நடுசும் இல்லை, ஒன்றும் இல்லை.

அவரிடமும் கேட்காதே, வேறு யாரிடமும் கேட்காதே. வேளைக்குச் சாப்பாடு போடு, மாத்திரை கொடு. அதற்குமேல் நீ எதுவும் செய்ய வேண்டியதில்லை.

இயந்திரத்தை நிறுத்தாமலே வெட்டு. ஒன்றும் ஆகாது.

அக்கா


ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், நலமா?

மூன்று நாளைக்கு முன் அப்பாவைக் காவல் நிலையத்திலிருந்து கூட்டிவந்தேன். இந்தத் தடவை மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள். அவர்களுக்கு அப்பாவைத் தெரியாது, புகார் கொடுத்துவிட்டார்கள். நான் போனபோது ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நிலையத்து அலமாரிப் பூட்டு கெட்டுக் கிடந்ததாம், அதைச் சரிசெய்து கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அதிகாரி நல்ல மனிதர்தான். ஆனால் இன்னொரு தடவை இப்படி நடந்தால் காப்பகத்தில் விடுவதைத் தவிர வழியில்லை என்று சொல்லிவிட்டார். "அங்க பூட்டித்தான்மா வெப்பாங்க" என்றார். அப்பாவைப் பூட்டி வைப்பதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. பூட்டிய கதவைக் கண்டாலே அவருக்கு உடம்பெல்லாம் நடுங்குகிறது.

எதைத் தேடுகிறார் என்று தெரிந்தால் ஏதாவது சொல்லி அவரை நிறுத்துவேன். உனக்குத் தெரியும். தெரியாது என்று நீ ஓர் இடத்தில்கூட எழுதவில்லை, கேட்காதே என்றுதான் எழுதியிருக்கிறாய். வெட்டாத சாவிகள் கொண்டுவந்து போடுகிற இரும்பு வியாபாரியிடம் கேட்டேன். நம் பழைய ஊரிலிருந்தே அப்பாவுக்குப் பழக்கமானவர் இல்லையா? நடுசு யார் என்றதும் மூட்டையைக் கீழே வைத்தார். "அத உங்க அக்காதாம்மா சொல்லணும்" என்றார். கொடுத்த டீயைக் குடிக்காமலே போய்விட்டார்.

இப்போது யோசித்தால் எல்லாமே கோணலாகத் தெரிகிறது. அம்மா அப்பாவோடு பேசி நான் கேட்டதே இல்லை. "சாப்பாடு ஆச்சுன்னு சொல்லு" என்று என்னிடம் சொல்வாள், நான் நாலடி நடந்து போய்ச் சொல்வேன். எல்லா வீட்டிலும் பிள்ளைகளுக்கு இந்த உத்தியோகம் உண்டு என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா இறந்தபோது நீ வந்தாய், அப்பா இருந்த அறைக்குள் ஒரு தடவைகூட நுழையவில்லை. உன் பழைய கடிதங்களையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். அப்பா என்ற சொல்லே இல்லை. எல்லாவற்றிலும் "அவர்"தான்.

எழுது, அக்கா. நான் இனியும் குழந்தை இல்லை.

பொடிசு


மே 5

அன்புள்ள பொடிசுக்கு,

அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது. இனிமேல் சொல்லலாமா என்று யோசித்து யோசித்துத்தான் இத்தனை நாள் ஆனது.

நமக்கு நடுவில் ஒருவன் இருந்தான். என்னைவிட நான்கு வயது சின்னவன், உன்னைவிட நான்கு வயது பெரியவன். பெருசு, நடுசு, பொடிசு என்று நம்மை வரிசையாக நிறுத்திக் கூப்பிடுவார் அவர். நடுசுக்கு வாய் மூடாது. நான் படிக்கிற பாடத்தையெல்லாம் என் பின்னால் நின்று எனக்கு முன்னால் ஒப்பித்துவிடுவான். உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடக்க முடியாமல் நடப்பான். அவனுக்கு இழுப்பு உண்டு. தூசி பட்டால் மூச்சு திணறும்.

பழைய ஊரில் முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. இரண்டுக்கும் நடுவில் ஜன்னல் இல்லாத ஓர் அறை, பழைய பூட்டும் துருப்பிடித்த இரும்பும் போட்டு வைக்கிற இடம். அன்றைக்கு எனக்குப் பள்ளிக்கூடம். அம்மா வேலைக்குப் போயிருந்தாள். நடுசு லேசான காய்ச்சல் என்று வீட்டில் இருந்தான், நீயும் இருந்தாய். சேட்டை பண்ணினான் என்று அவர் அவனை அந்த அறையில் வைத்துப் பூட்டியிருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்துவிடலாம் என்று நினைத்தாராம். அதற்குள் யாரோ சாவி வெட்ட வந்தார்கள், இயந்திரத்தை ஓட்டினார், மறந்துவிட்டார். உள்ளேயிருந்து அவன் தட்டியிருப்பான், கூப்பிட்டிருப்பான். அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

இதை வேறு யாரும் சொல்லவில்லை. அவர் வாயாலேயே எல்லார் முன்னாலும் சொன்னார். "நான்தான் பூட்டினேன்." காவல் நிலையத்தில் எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். அம்மா விடவில்லை. அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவள், சாகும்வரை அவரோடு பேசவில்லை. பிறந்த வீட்டுக்குப் போயிருப்பாள். நீ அவர் தோளைவிட்டு இறங்க மாட்டேன் என்று அலறுவாய், அதனால் இருந்தாள். ஊர் மாறினோம். உனக்கு எதுவும் தெரிய வேண்டாம் என்று அவன் படங்களையெல்லாம் அம்மா எரித்தாள். நான் சம்பாதிக்க முடிந்ததும் கிளம்பிவிட்டேன்.

இயந்திரத்தை ஏன் நிறுத்தி நிறுத்தி ஓட்டுகிறார் என்று இப்போது உனக்குப் புரியும்.

அக்கா


மே 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்டு எழுத ஆரம்பித்து, காகிதத்தை இரண்டு தடவை கிழித்துப் போட்டேன்.

கடையில் இன்று ஒரு சாவியை முடிக்க முடியவில்லை. நிறுத்தினால் காது தானாகப் பின்பக்கம் போகிறது. நிறுத்தாமல் ஓட்டினால் சாவி கோணலாக வெட்டுப்படுகிறது. வந்தவரை நாளைக்கு வரச் சொல்லிவிட்டேன்.

அப்பாவுக்குச் சாப்பாடு ஊட்டும்போது அவர் என் கையைப் பிடித்தார். உதறிவிட்டேன். அவர் பயந்துபோய்ப் பார்த்தார். எத்தனை நாள் இந்தத் தோளில் தூங்கியிருப்பேன் என்று நினைத்தால் அழுகை வருகிறது. அந்தத் தோள்தான் அதையும் செய்தது என்றால் கோபம் வருகிறது. கடைசியில் கேட்டேவிட்டேன். "நடுச ஏம்பா பூட்டுனீங்க?" அவர் என்னைப் பார்த்து, "எந்தப் பூட்டும்மா?" என்று மரியாதையாகக் கேட்டார். யாரிடம் சண்டை போடுவது, சொல். சண்டைக்குரிய ஆள் வீட்டிலேயே இல்லை.

நடுசுக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு வரி எழுதேன். எனக்கு ஒன்றுகூட நினைவில் இல்லை.

பொடிசு


மே 30

அன்புள்ள பொடிசுக்கு,

உன்னிடம் சொல்லியிருக்கக் கூடாது. நீ சரியாகச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா?

அவனுக்கு ஒளிந்து விளையாடப் பிடிக்கும். அதைத் தவிர வேறு விளையாட்டே தெரியாது.

பரீட்சை வருகிறது. நீ போய் எழுது. அவரைக் காப்பகத்துக்கு அனுப்பிவிடு. பூட்டிய அறைக்குள் இருந்தால் எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரியட்டும். இந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்க மனசு வரவில்லை.

அக்கா


ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமா என்று எனக்கே தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், முழுதும் படித்துவிடு.

பரீட்சை அன்று அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. உன் கடிதம் கையில் இருந்தது. எனக்கும் கோபம். அவர் அறைக் கதவின் வெளிப்பக்கம் ஒரு கொண்டி அடித்து, பூட்டைத் தொங்கவிட்டேன். வெளியே தொங்குகிற பூட்டுக்கு உள்ளேயிருந்து விரல் எட்டாது. முன்பே தோன்றியிருக்க வேண்டிய யோசனைதான், எனக்குத்தான் தைரியம் வந்ததில்லை. பூட்டிவிட்டுக் கிளம்பினேன். தட்ட ஆரம்பித்தார். தெருமுனை வரை அந்தச் சத்தம் கேட்டது. நான் நிற்கவில்லை.

கேள்வித்தாளில் ஓர் எழுத்தும் தெரியவில்லை. பாதியில் எழுந்து ஓடிவந்தேன். வீட்டில் சத்தமே இல்லை. திறந்தேன். கதவை ஒட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூச்சு இருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையிலிருந்த சாவியைப் பார்த்தார்.

அப்புறம் என் மணிக்கட்டைப் பிடித்தார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, சாவியை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். சின்னக் குழந்தையிடம் பேசுகிற மாதிரித் தலையைக் குனிந்து, தணிந்த குரலில் சொன்னார்:

"பொடிசு, இங்க பாரு. நீ பூட்டல. அவன் உள்ள ஒளிஞ்சுக்கிட்டான், நீ விளையாட்டுக்குத் திருப்பிட்ட, அவ்வளவுதான். அத மறந்துடணும். அப்பாதான் பூட்டினேன். அம்மா கேட்டாலும் அதான், அக்கா கேட்டாலும் அதான். எங்க, சொல்லு பாப்போம்."

அவர் விடவில்லை. நான் சொல்லும்வரை கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"அப்பாதான் பூட்டினாங்க" என்றேன்.

"சமத்து" என்று தலையைத் தடவிக் கொடுத்தார்.

பிப்ரவரியில் நீயே எழுதியிருந்தாய், அக்கா. பூட்டத் தெரியும், திறக்கத் தெரியாது, சாவியை உருவிக்கொண்டு ஓடிவிடுவேன் என்று. எடுத்துப் படித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றுமே நினைவில்லை. இந்த வீட்டில் மறதிக்காரர் அவர் ஒருவர்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் பூட்டவில்லை. அதை உனக்குச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. அம்மாவுக்குத்தான் இனிச் சொல்ல முடியாது.

பொடிசு


ஜூலை 28

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை. தபால்காரர் தெருவில் திரும்பும்போதே என் முகத்தைப் பார்த்துக் கையை விரித்துவிடுகிறார். என்மேல் கோபம் என்றால் கோபமாகவாவது எழுது. எனக்கு உன்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்?

அப்பா காப்பகத்தில் இருக்கிறார். அன்றைக்குப் பிறகு நான் அந்தக் கொண்டியைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். அவர் மறுபடி கிளம்பினார். முன்பின் தெரியாத ஒரு தெருவில், பூட்டிய வீட்டைத் திறந்தபோது பிடித்து அடித்துவிட்டார்கள். நெற்றியில் தையல். திருடன் இல்லை என்று சொல்லக்கூட அவருக்கு வாய் வரவில்லை. காவல் அதிகாரியே வீட்டுக்கு வந்து, இனிமேல் அவர் உயிருக்கு நான் பொறுப்பு ஏற்க முடியாதும்மா என்றார். கையெழுத்துப் போட்டேன். வேறு என்ன செய்திருப்பேன், நீ சொல்.

அங்கே கதவை வெளியே பூட்டுகிறார்கள். அவர் நடுங்கிவிடுவார் என்று பயந்தேன். அவர் பூட்டைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. போன வாரம் நம் கடைப் பூட்டு ஒன்றையும் ஒரு ஹேர்பின்னையும் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். மட்டமான சரக்கு என்று ஒரு தடவை திட்டமாட்டாரா என்று ஆசை. இரண்டையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். விரலும் மறந்துவிட்டது.

நடுசு சாப்பிட்டானா என்றும் கேட்பதில்லை.

பொடிசு


ஆகஸ்ட் 20

அன்புள்ள பொடிசுக்கு,

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. முதலில் அதைத் தெரிந்துகொள். மூன்று வயதுக் குழந்தைமேல் யாருக்குக் கோபம் வரும்? உன் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து பேனாவை எடுத்தால் என்மேல்தான் கோபம் வருகிறது. நீ சாவியோடு ஓடுவது எனக்குத் தெரியும். அவன் ஒளிந்து விளையாடுவதும் தெரியும். அவர் நம்மை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை, அறையில் வைத்துப் பூட்டியதில்லை, அதுவும் தெரியும். எல்லாம் தெரிந்தும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவில்லை. யாரையாவது வெறுக்க வேண்டியிருந்தது, அவரே வந்து முன்னால் நின்றார், பிடித்துக்கொண்டேன்.

லீவு கேட்டேன். அம்மாவுக்காக வந்ததோடு என் லீவு தீர்ந்துவிட்டதாம், ஒப்பந்தம் முடியும்வரை விடமாட்டார்களாம். மேற்பார்வையாளர் முன்னால் நின்று அழுதேன். அவர் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார், லீவு கொடுக்கவில்லை. கீழே இருப்பதை நீ போய்ப் படித்துக் காட்டு. வேறு எதுவும் இங்கிருந்து என்னால் செய்ய முடியவில்லை.

அப்பாவுக்கு,

பெருசு எழுதுகிறேன். நீங்கள் நலமா? நெற்றிக் காயம் ஆறிவிட்டதா? உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு கடிதத்தில்கூட நான் உங்களைக் கேட்டதில்லை.

நீங்கள் பூட்டவில்லை என்று தெரிந்துவிட்டது. பொடிசை யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது, அவளுக்கே அது தெரிந்துவிடக் கூடாது என்று உங்கள் தலையில் போட்டுக்கொண்டீர்கள். அம்மாவும் நானும் நம்பிவிட்டோம். அம்மா உங்களோடு பேசாமலே போய்விட்டாள். நானும் பேசாமல் வந்துவிட்டேன். உங்களுக்கும் அவன் பிள்ளைதானே என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. எங்கள் முன்னால் நீங்கள் அவனுக்காக ஒரு நாள்கூட அழவில்லை. பூட்டியவன் எப்படி அழுவது என்று அடக்கிக்கொண்டீர்கள் போலிருக்கிறது.

என்னை மன்னித்துவிடுங்கள், அப்பா. நான் வந்துவிடுவேன். அதுவரை இருங்கள்.

உங்கள் மகள்,
பெருசு


செப்டம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலம். அப்பா உடம்பு அப்படியே இருக்கிறது, காயம் ஆறிவிட்டது. நீ இடுப்பைக் காட்டினாயா? இனிமேலாவது காட்டு.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். பார்வையாளர் அறையில் உட்கார்ந்தோம். நீ கொடுத்த போர்வையைப் போர்த்தியிருந்தார். அப்பா என்று நீ எழுதியிருந்த இடங்களில் கொஞ்சம் சத்தமாகவே படித்தேன். கடையில் யாராவது தங்கள் கஷ்டத்தைச் சொன்னால் வேலையை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பாரே, அப்படித்தான் கடைசிவரை கேட்டார். முடித்ததும், "யாரும்மா எழுதினது?" என்றார்.

ஒரு மகள், தன் அப்பாவுக்கு எழுதியது என்றேன். அந்த ஆள் இன்னும் இருக்கிறாரா என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். பாவம் என்றார். அவ்வளவுதான் என்று நினைத்துக் கடிதத்தை மடித்தேன். எல்லாவற்றையும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட வேண்டும் என்று தொண்டைவரை வந்தது. நான்தான்பா அது, எனக்குத் தெரிஞ்சுபோச்சுப்பா என்று. அதற்குள் அவர் முகம் மாறிவிட்டது. கதவில் காது வைத்துக் கேட்பாரே, அந்த முகம். என் பக்கம் குனிந்து, வேறு யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல் மெதுவாகக் கேட்டார்.

"அந்தப் பொடிசுக்கு இது தெரியுமா?"

"தெரியாதுங்க" என்றேன். "யாரும் அவகிட்டச் சொல்லல."

"அப்பச் சரி" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். ரொம்ப நாள் கழித்து அப்பா நிம்மதியாக மூச்சு விட்டதை அன்றைக்குப் பார்த்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். முடிந்தபோது வா.

உன் தங்கை,
பொடிசு